பல்லிலிருந்து முப்பது

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் குழாய் அறை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அந்த அறையில் வேலை பார்க்கும் அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் விழிப்பார்கள். சென்டிமீட்டர் அக்கா என்று கேட்க வேண்டும். லிஃப்ட்காரர் முதல் லேப் ஆட்கள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். போகப் போக கேலி கரைந்து மரியாதை மட்டும் மிஞ்சியது. அக்காவுக்கும் அந்தப் பெயர் உள்ளூரப் பிடிக்கும், வெளியேதான் முறைப்பாள்.

அவள் வேலை இதுதான். கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு டாக்டர் உணவுக்குழாயைப் பார்க்கும்போது, படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று, பற்களுக்கு நடுவே பொருத்திய பிளாஸ்டிக் மவுத்பீஸ் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எச்சிலை உறிஞ்ச வேண்டும். "மூக்கால மூச்சு விடுங்க, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று முடியாததை முடிந்ததாகப் பொய் சொல்ல வேண்டும். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "எவ்வளவு?" என்று கேட்டால், குழாய் எத்தனை சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். குழாயின் மேல் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடுதான் உண்டு. இடையில் உள்ளதைக் கண்ணால் கணிக்க வேண்டும். மற்றவர்களாக இருந்தால் "முப்பதுக்கு மேல இருக்கும் சார்" என்று இழுப்பார்கள். அக்கா இழுக்க மாட்டாள். "முப்பத்திரண்டு" என்று அடித்துச் சொல்வாள்.

அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நெஞ்செரிச்சல்காரர்கள். வருஷக்கணக்கில் அமிலம் மேலேறி மேலேறி, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்தோல் மாறிப்போயிருக்கும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடம் சிவந்திருக்கும். அது புற்றுநோய் இல்லை. ஆனால் சிலருக்குப் புற்றுநோய் ஆரம்பிப்பது அங்கேதான். அதனால் சிவந்த பகுதியில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு படியாக இறங்கி, துணுக்குத் துணுக்காகக் கிள்ளி, ஒவ்வொரு படிக்கும் தனி பாட்டிலில் போட்டு, மேலே அந்த எண்ணை எழுதி லேபுக்கு அனுப்புவார்கள். எந்த பாட்டிலில் கெட்டுப்போகத் தொடங்கிய செல்கள் தெரிகின்றனவோ, அந்த எண்ணுக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தைச் சீவி எடுத்துவிடலாம். மிச்சச் சிவப்பைச் சூடு வைத்து அழித்துவிடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம், முடி கொட்ட வேண்டாம், மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கெட்ட இடம் பெரும்பாலும் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. எண்ணை நம்பித்தான் தேட வேண்டும்.

அக்கா இதற்கெல்லாம் படித்தவள் இல்லை. குழாய் கழுவும் வேலைக்கு வந்தவள். கழுவிக் கழுவியே குழாயின் ஒவ்வொரு அங்குலமும் பழகிப்போனது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள், எல்லோரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடும் மூத்த டாக்டர், அதுவரை எண் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் மாற்றலாகிப் போன எரிச்சலில், "நீ படிம்மா பார்க்கலாம்" என்றார். அன்றிலிருந்து அவள்தான். எங்கே பார்த்துப் படிக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிற விஷயத்தைக் கேட்டால் மடச்சி என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

வேலை வீடு வரை வந்தது. ஏழு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர், தினமும் காலையில் கட்டிலின் கால்மாட்டில் சறுக்கிக் கிடப்பார். "நீ என்னைக் கட்டிக்கிட்டியா, என் தொண்டையைக் கட்டிக்கிட்டியா?" என்று கேட்பார். "தொண்டையைத்தான். மத்ததெல்லாம் இலவசமா வந்துச்சு" என்பாள் அக்கா.

அவள் பெருமை கொடிகட்டிப் பறந்த நாள் ஒன்று உண்டு. இரண்டு வருஷம் முன்பு, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்கு முப்பத்துநான்கில் கெட்டது தெரிந்தது. அப்போது இங்கே சீவி எடுக்கும் கருவி இல்லாததால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது: குறிப்பிட்ட இடத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, எடுத்த சதையிலும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுங்க ஒழுங்கா பார்க்கலை. நம்ம அக்கா அளவு தப்பவே தப்பாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்கா அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைக்கும்போது, ஆணியை வேண்டுமென்றே அதன் நடுவில் குத்தினாள்.

போன மாதம் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். வந்தவர் சின்ன டாக்டர். அக்காவின் தம்பி வயதுகூட இருக்காது. சீவி எடுக்கும் கருவியும் அவரோடு வந்தது. தங்கமான பிள்ளை, அதட்டத் தெரியாது. ஆனால் ஒரு பழக்கம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எவ்வளவு?" என்று கேட்க மாட்டார். தானே குனிந்து படுத்திருப்பவரின் வாயை எட்டிப் பார்த்து எண்ணைப் படித்துக்கொள்வார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது என்று அக்கா மனதுக்குள் கறுவினாள்.

சின்ன டாக்டர் முதலில் சீவியது ஒரு தச்சருக்கு. ஐம்பத்தைந்து வயது, மரத்தூள் ஏறிய புருவம், வாய் ஓயாத மனுஷன். இருபது வருஷம் குனிந்து இழைப்புளி தள்ளித் தள்ளி, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையைச் சப்பிக்கொண்டே வேலை பார்த்தவர். பெரிய டாக்டர் கடைசியாகப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். முப்பத்திரண்டு என்று எழுதிய பாட்டிலில் கெட்டது இருந்தது, அதுவும் புற்றுநோய்க்கு முந்தின முற்றிய நிலை. இரண்டு லேபில் காட்டி உறுதி செய்தார்கள். சின்ன டாக்டர் முப்பத்திரண்டுக்குப் போய் சந்தேகப்பட்ட இடத்தைச் சீவி, சுற்றிலும் சில துணுக்கு கிள்ளி அனுப்பினார். பதில் வந்தது. எதிலும் கெட்டது இல்லை.

"முதல் தடவை புண்ணா இருந்திருக்கலாம். புண் சில சமயம் அப்படி ஏமாத்தும்" என்றார் சின்ன டாக்டர். மாத்திரை தொடரட்டும், ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று கடிதம் எழுதி, அக்காவிடம் கொடுத்தார்.

கடிதம் வாங்க வந்த தச்சர் வாசலில் நின்று அறைக்கதவை ஆட்டிப் பார்த்தார். அது வருஷக்கணக்காகத் தரையில் உரசும், முழுதாக மூடாது.

"சிஸ்டர், இந்தக் கதவை நான் சரி பண்ணித் தர்றேன். உசிரைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க, ஒரு பலகை அடிச்சுத் தர மாட்டேனா?"

"உங்களை யாரும் கேக்கலையே அண்ணே."

"கேட்டா செய்யறது வேலை. கேக்காம செய்யறது சந்தோஷம்." இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துக் கதவின் அகலத்தை அளந்தார். அக்காவும் சும்மா நிற்காமல், வயிற்றுச் சுற்றளவு எடுக்கும் துணி டேப்பைக் கொண்டுவந்து நிலையின் அகலத்தைப் படித்துச் சொன்னாள். தச்சர் எழுதவில்லை, சிரித்தார்.

"உங்க அளவு வேண்டாம் சிஸ்டர். கோவிச்சுக்காதீங்க. ஒரு வேலைக்கு ஒரு டேப்புதான். இங்க பாருங்க, இந்த நுனியில ஒரு கொக்கி இருக்குல்ல? ஒருத்தன் கொக்கியோட கனத்தைச் சேர்த்து அளப்பான், ஒருத்தன் விட்டுட்டு அளப்பான். பத்து கதவு ஒருத்தனே செஞ்சா பத்தும் மூடும். கதவை ஒருத்தனும் நிலையை ஒருத்தனும் அளந்தாதான் வம்பு. ரெண்டு பேர் அளவும் சரியாத்தான் இருக்கும். கதவு மூடாது."

அவர் நிலையைத் தானே அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அதே இடத்தில் நின்றாள்.

அறைக்குள் போய் கதவைத் தள்ளினாள், அது வழக்கம்போல் பாதியில் நின்றது. கழுவி வைத்த மவுத்பீஸ் ஒன்றை எடுத்தாள். பற்கள் கடிக்கும் பள்ளத்திலிருந்து வெளி விளிம்பு வரை ஸ்கேலை வைத்தாள். இரண்டு சென்டிமீட்டர். தலைமாட்டில் நின்று மவுத்பீஸைப் பிடித்திருப்பவளுக்குப் பல் தெரியாது, விளிம்புதான் தெரியும். படிக்க வேண்டியது பல் தொடும் இடத்தில், பதினோரு வருஷமாக அவள் விளிம்பில் படித்திருக்கிறாள். சின்ன டாக்டர் குனிந்து எட்டிப் பார்த்தது அவளை நம்பாமல் இல்லை, பல்லைப் பார்க்க.

பதிவேட்டை எடுத்தாள். தச்சருக்கு அவள் சொல்லி எழுதியது: சிவப்பு முப்பதில் ஆரம்பம், முப்பத்தேழில் முடிவு. சின்ன டாக்டர் தானே படித்து எழுதியது: இருபத்தெட்டில் ஆரம்பம், முப்பத்தைந்தில் முடிவு. இரண்டிலும் நீளம் ஏழுதான். மொத்தமும் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. அவள் முப்பத்திரண்டு என்று சொன்ன இடம் உண்மையில் முப்பது. சின்ன டாக்டர் அதற்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே போய், நல்ல இடத்தைச் சீவிவிட்டு வந்திருக்கிறார். கெட்டது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த மனுஷன் ஒரு வருஷம் வர வேண்டாம் என்ற கடிதத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா சொல்லவில்லை. இதை மறைத்து எழுதி அவளை நல்லவளாக்க எனக்கு விருப்பமில்லை. அவள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, குழாய்களைக் கழுவினாள். அவள் ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்தான். பதினோரு வருஷத்து எண்கள் அத்தனையும் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? லிஃப்ட்காரர் நாளைக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? ஒருவேளை சின்ன டாக்டர் சொன்னதுபோல வெறும் புண்ணாகவே இருந்தால்? அந்த ஒருவேளையை இரண்டு நாள் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

வீட்டில் சாப்பாடு எட்டரைக்கு வைத்தாள். சாப்பிட்டவுடன் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்ததைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி ஆச்சு உனக்கு? திட்டேன்."

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாமயா என்னைப் படுக்க விடறே?"

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். ஏற்கெனவே துலக்கியதையே மறுபடி துலக்கினாள்.

மூன்றாம் நாள் காலை தச்சர் பலகையோடு வந்தார். கதவைக் கழற்றி, அடியில் இழைத்து, பக்கத்தில் சன்னமாக ஒரு சட்டம் அடித்து மாட்டினார். ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அவர் மூடித் திறந்து மூடித் திறந்து குழந்தைபோல ரசித்தார்.

"வரட்டுமா சிஸ்டர்? இனி ஒரு வருஷத்துக்கு நான் உங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம், நீங்க என் தொண்டையில முழிக்க வேண்டாம். என் பொண்ணு நேத்துதான் நல்லாத் தூங்கினா. ரெண்டு மாசமா என் மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடந்தா பாவம்."

அவர் படியிறங்கும் சத்தம் நிற்கும் வரை அக்கா அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு மவுத்பீஸையும் ஸ்கேலையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு சின்ன டாக்டரின் அறைக்குப் போனாள்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் மவுத்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்க எண்களையும் விரல் வைத்துப் படித்தார். "நானும் பார்த்தேன் அக்கா. ஆள் மாறினா ஒண்ணு ரெண்டு கூடக்குறைய இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு முனையும் ஒரே அளவு நகர்ந்திருக்குன்னு எனக்குத் தோணலை பாருங்க" என்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு ரெண்டு நாளா தெரியும் சார். சொல்லலை. அதையும் எழுதிக்கோங்க."

அவர் எதுவும் எழுதவில்லை. தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களே கூப்பிடறீங்களா, நான் கூப்பிடட்டுமா?"

அக்காதான் கூப்பிட்டாள். தச்சர் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்தார். "கதவு மறுபடி உரசுதா?" என்றுதான் கேட்டார். அவள் சொன்னாள், மென்று விழுங்காமல் முழுதும் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், "என் பொண்ணுக்கு நான் என்னன்னு சொல்றது?" என்றார். எந்த நாள் வர வேண்டும் என்று அவள் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றோடு வந்தார். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள், அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தச்சர் இடது பக்கமாகப் படுத்தார். அக்கா மவுத்பீஸை நீட்டியபோது கையைத் தடுத்தார்.

"எங்கருந்து அளக்கப் போறீங்க? சொல்லிட்டு வைங்க."

அக்கா கையுறை போட்ட விரலால் அவருடைய மேல்வரிசை முன்பல்லைத் தொட்டாள். "இங்கருந்து அண்ணே."

அவர் வாயைத் திறந்தார்.

சின்ன டாக்டர் குழாயை இறக்கினார். அக்கா தலைமாட்டை விட்டு முன்பக்கம் வந்து, முட்டி போட்டு, மவுத்பீஸைச் சற்று விலக்கிப் பல் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சின்ன டாக்டர் குனியவில்லை. "எவ்வளவு அக்கா?" என்று கேட்டார். இன்னொரு தடவை பார்த்தாள். "முப்பது" என்றாள். ரத்தக்குழாய்கள் எடுப்பாகத் தெரிய அவர் பொத்தானை அழுத்தினார், திரையில் வெளிச்சம் நீலமானது. சிவப்புத் தோலின் நடுவே, சுண்டுவிரல் நகம் அளவில், ரத்தக்குழாய்கள் தாறுமாறாகச் சுருண்ட ஒரு திட்டு. தெரிந்துகொண்டு பார்த்தால் மட்டும் தெரிகிற திட்டு. சின்ன டாக்டர் மூச்சை விட்டார். அதன் கீழே மருந்துநீர் ஏற்றி உப்ப வைத்து, வளையம் போட்டு, முழுதாகச் சீவி எடுத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. எடுத்த சதையில் முற்றிய நிலையில் கெட்ட செல்கள், ஆழமாக இறங்கவில்லை, ஓரங்கள் சுத்தம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் என்று சின்ன டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். மிச்சச் சிவப்பைச் சூடு வைத்து அழிக்க மூன்று தவணை. தச்சர் முதல் தவணைக்கு வந்தபோது அக்காவுக்குத் தலையசைத்தார். அவ்வளவுதான். அவள் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு சின்ன டாக்டர் குழாய் அறையிலேயே அவளை உட்கார வைத்துக் கேட்டார். "இங்கயே பார்த்து இங்கயே திரும்பப் பார்த்தவங்களுக்குப் பிரச்சினை இல்லை அக்கா. எல்லாமே உங்க அளவு. வெளியே அனுப்பினவங்க யாராவது இருக்காங்களா? உங்க எண்ணை வச்சு வேற யாராவது தேடின ஆளு?"

அக்கா கோப்பை எடுக்கப் போகவில்லை. கோப்பு தேவைப்படவில்லை. நடுவில் ஆணி குத்திய அந்தக் கடிதம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. முப்பத்துநான்கு என்று எழுதி அனுப்பினார்கள். முப்பத்திரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள், தப்பான இடத்தை. இவள் அதைப் பெருமையாக இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

கடிகாரக்காரரின் எண்ணுக்கு அவளே போன் செய்தாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு அவரே எடுத்தார். குரல் கம்மியிருந்தது. யார் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அட, குழாய் அறை அம்மாவா? நானே வரலாம்னு இருந்தேன். நெஞ்செரிச்சல் சுத்தமா நின்னுபோச்சும்மா. ஒரு வருஷமா எரியவே இல்லை. ஒண்ணுமில்லைன்னு அவங்களும் சொல்லிட்டாங்களா, நான் நிம்மதியா விட்டுட்டேன்." நிறுத்தி, எச்சிலைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். அது போனில் கேட்டது. "இப்ப ஒரு மாசமாத்தான் சாப்பாடு அடைக்குது. கஞ்சித் தண்ணிகூட நின்னு நின்னுதான் இறங்குது. வயசாச்சுல்ல."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சித் தண்ணிகூட அடைத்தால் உள்ளே கட்டி வளர்ந்திருக்கும் என்று அந்த அறையில் எத்தனையோ தடவை கேட்டவள் அவள். எதிரே சின்ன டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினார். அது சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"நாளைக்குக் காலையில வாங்க அண்ணே. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நேர்ல சொல்றேன்." வாயில் பழகிப்போன வார்த்தைகளைத் தேடிப் பிடித்தாள். "வெறும் வயித்தோட வரணும், மறந்துடாதீங்க."

கடிகாரக்காரர் சிரித்தார். "இப்பல்லாம் அது ஒண்ணுதாம்மா என்கிட்ட சரியா இருக்கு" என்றார்.